சித்தியின் மண்டையோட்டுப் பெட்டி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் சித்தி வீட்டுக் கூடத்தில் சாமிப் படங்களுக்கு நேர் எதிரே ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதில் பதினெட்டு மண்டையோடுகள் இருந்தன. பெருச்சாளி, கீரி, முயல், அணில், பழந்தின்னி வௌவால், கல்லூரியிலிருந்து கையெழுத்துப் போட்டு வாங்கிவந்த ஒரு குரங்கு. எல்லாம் நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டுப் பஞ்சின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணை மூடிச் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிக் கண்ணைத் திறந்தால் குரங்கு பல்லைக் காட்டும்.

சித்தி என் அம்மாவின் தங்கை. சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஏரிப் பக்கமாகக் குடியிருந்தாள். ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்திக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தாள். சித்தப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை, அதிகம் பேசாதவர். கல்யாணமாகி ஏழு வருடமாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. பெரியவர்கள் அதைத் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். எனக்கென்னவோ அது வசதியாகத்தான் இருந்தது. அந்த வீட்டு முறுக்கு டப்பாவுக்கு நான் ஒருத்திதான் வாரிசு.

அலமாரியில் இருந்தவற்றிடம் எனக்குப் பயமே இல்லை, ஏனென்றால் நான் அந்த ஆராய்ச்சியில் பங்காளி. சனிக்கிழமைகளில் சித்தி மண்டையோட்டின் கண் துளைகளையும் சின்னச் சின்ன ஓட்டைகளையும் பஞ்சால் அடைத்துவிட்டு, தலைகீழாகப் பிடித்துக்கொள்வாள். பின்பக்கத்துப் பெரிய துளை வழியாக நான் கடுகு போட வேண்டும். சமையலுக்கு வாங்கும் அதே கடுகு. தட்டித் தட்டி நிரப்பிய பிறகு அதை அளவுக் குழாயில் கொட்டினால் அந்தப் பிராணிக்கு எவ்வளவு மூளை இருந்தது என்று தெரிந்துவிடும். ஒரு தடவை அந்தக் கடுகை நான் அடுக்களை டப்பாவிலேயே திருப்பிக் கொட்டிவிட்டேன். அந்த வாரத்து ரசத்தைச் சித்தப்பா நன்றாக இருந்ததாகத்தான் சொன்னார்.

அளந்த கடுகுக்கு நேராகச் சித்தி இரண்டு விஷயங்களை எழுதுவாள். தாய் எத்தனை நாள் சுமந்தது, ஒரு ஈற்றில் எத்தனை குட்டி. பெருச்சாளிக்கு மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் மேல். எட்டுக் குட்டிகூடப் போடும். குரங்குக்கு ஐந்தரை மாதம், ஒன்றே ஒன்று. உடம்போடு ஒப்பிட்டால் பெரிதாக இருக்கிற மூளையைக் கட்டி முடிக்க நாளாகும், தாய்க்கு அது பெரிய செலவு, அதனால் குட்டி குறையும் என்று சித்தி சொல்லியிருந்தாள். வௌவால் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காமல், இத்தனூண்டு மூளையோடு வருடத்துக்கு ஒரே ஒரு குட்டி போட்டது. சித்திக்கு அதன்மேல் தனிப் பிரியம். எனக்கு எரிச்சல். மற்றபடி விதி எனக்கு மனப்பாடம்.

ஒரு கிருத்திகையன்று சித்தப்பாவின் அக்கா குன்றத்தூரில் முருகனைப் பார்த்துவிட்டு அப்படியே தம்பி வீட்டுக்கு வந்தாள். அவளை நான் அத்தை என்று கூப்பிடுவேன். விபூதிப் பொட்டலத்தைச் சித்தியிடம் கொடுத்தாள், தம்பிக்காக மலையேறி வேண்டிக்கொண்டதைச் சொன்னாள். அதுவரை சரியாகத்தான் இருந்தது. காபி குடித்துக்கொண்டே அலமாரியைப் பார்த்தவள் சித்தப்பா பக்கம் திரும்பினாள்.

"வூட்ல செத்ததோட தலையெல்லாம் வச்சுகினு இருந்தா எந்த உயிருடா வந்து தங்கும்? நீயாச்சும் சொல்ல மாட்டியா?"

சித்தப்பா தரையைப் பார்த்தார். வழக்கமாக யாருக்கும் பதில் வைத்திருக்கும் சித்தி அன்றைக்குப் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதில் தெரிந்தும் அவள் சொல்லாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"சித்திக்கு மூளை ஜாஸ்தி அத்தை. மூளை ஜாஸ்தின்னா லேட்டாத்தான் பொறக்கும். உங்களுக்கு எத்தனை பசங்க?"

"அஞ்சு," என்றாள் அத்தை, ஏன் கேட்கிறேன் என்று புரியாமல்.

"பெருச்சாளிக்கு எட்டு," என்றேன்.

அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, சாப்பிடாமலே கிளம்பிவிட்டாள். அவளைப் பேருந்து ஏற்றிவிடச் சித்தப்பா பின்னாலேயே ஓடினார்.

சித்தி என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என்னை வீட்டில் விட வரும்போது பாதி வழியில்தான் பேசினாள்.

"ஒரு பிராணிக்கும் வேற பிராணிக்கும் போடற கணக்குடி அது. மனுஷிக்கும் மனுஷிக்கும் நடுவுல போடக்கூடாது."

நான்காம் நாள் சித்தப்பா சைக்கிள் கேரியரில் ஒரு ஆப்பிள் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே பதினெட்டும் வைக்கோலுக்குள் இருந்தன. அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிப் பரணில் ஏற்றினாள். அத்தை ஜெயித்துவிட்டாள், அதற்குக் காரணம் என் வாய்தான் என்று எனக்கு நிச்சயமாயிற்று. சனிக்கிழமைகளில் சித்தி வீட்டுக்குப் போகவே கூச்சமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது சித்தி எங்கள் வீட்டு உள்ளறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஜுரம் என்றாள் அம்மா. தொட்டுப் பார்த்தேன், கை சில்லென்று இருந்தது. நான் அத்தையிடம் பேசியதால்தான் ஜுரமா என்று கேட்டேன். சித்தி திரும்பாமலே என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னால் ஒன்றும் இல்லை என்று சொன்னாள். கையை வெகுநேரம் விடவில்லை.

அம்மா பூண்டுக் குழம்பு வைத்தாள், லேகியம் கிளறினாள். அந்த வாசனை எனக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்பு வீடு முழுக்க அதே வாசனைதான்.

"தம்பி பொறந்தப்போ கிண்டின லேகியம்தானேம்மா? இப்போ யாரு பொறந்திருக்கா?"

அம்மாவின் கரண்டி நின்றது. தீப்பெட்டி வாங்கி வரச் சொல்லி என்னைக் கடைக்கு அனுப்பினாள். திரும்பி வந்து அடுக்களை மேடையில் வைக்கும்போது பார்த்தேன், அங்கே ஏற்கெனவே இரண்டு தீப்பெட்டிகள் இருந்தன.

அத்தை வந்துபோன அன்றைக்குச் சித்திக்கு நாள் தள்ளி ஐம்பது நாளாகியிருந்தது என்பதையும், வீட்டில் ஒருவருக்கும் அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை என்பதையும் பல வருடங்களுக்குப் பிறகு அம்மா சொல்லித்தான் அறிந்தேன். பெட்டியை அனுப்பச் சொன்னது அத்தை இல்லை, சித்தப்பாவும் இல்லை. சித்திதான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை அக்கா, ஆனாலும் இந்த ஒரு தடவை வேண்டாம் என்றாளாம்.

அப்போது இதில் எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கித் தரச் சொன்னாள். இருக்கட்டுமே என்றாள் அம்மா. வேண்டாம், இனி அங்கேயே இருக்கலாம் என்றாள் சித்தி. தூக்க வந்த சித்தப்பாவிடம் கொடுக்காமல் தானே இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். அத்தை தோற்றுப்போனாள் என்று எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கைதட்டிக்கொண்டே தெருமுனை வரைக்கும் அவள் முன்னால் ஓடினேன்.