எங்கள் ஒரே அல்பமும் றமீஸின் தடிமனும்

வெளுத்து மடித்து வைத்த கட்டில் விரிப்புகளின் சவர்க்கார மணம்... எங்கள் அல்பம் என்றதும் எனக்கு முதலில் வருவது அதுதான்.

நிலாவெளியில் ஒரு ஹொட்டேல். மாரியில் கடல் கொந்தளிக்கும், வெள்ளைக்காரர் வரமாட்டார்கள், பூட்டிவிடுவார்கள். அங்கே வரவேற்பில் வேலை செய்த தயாளன், விரிப்புகள் அடுக்கும் அறையை எங்களுக்குக் கேட்டு வாங்கித் தந்தான். சுவரெல்லாம் துணி. கை தட்டினால் எதிரொலியே இல்லை.

"இப்பிடி ஒரு ஸ்ரூடியோ கொழும்பிலயும் கிடையாது" என்றான் பெருமையாக.

நாங்கள் மூன்று பேர். கிண்ணியா றமீஸ் பாடுவான், கிற்றார் வாசிப்பான், பாட்டுகளும் அவன் எழுதியவைதான். தயாளன் றபான் மேளம் அடிப்பான், லப்டொப்பில் பதிவும் செய்வான். ஒரே பெண்ணான நான் வயலின். கிண்ணியாப் பாலத்துக்குக் கீழே இருந்து பாடிப் பழகியதால் 'பாலத்தடி' என்று பெயர் வைத்தோம். நான் அப்போதுதான் வங்கி வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சனி, ஞாயிறு முழுக்க அந்தத் துணி அறைதான்.

அரைவாசி முடிந்திருந்தபோது றமீஸுக்குக் கட்டார் விசா வந்தது.

வாப்பா இல்லாத வீடு, அவனுக்குக் கீழே தங்கச்சிமார். போகாதே என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. முந்தி ஒரு பாட்டுக்கு ஒரு நாள் மினக்கெடுகிறவன், மளமளவென்று பாடி முடிக்கத் தொடங்கினான். அவ்வளவுதான்.

ஒரு பாட்டு மட்டும் மிச்சம். பாலம் வர முன்னர் கிண்ணியாவுக்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப் போன மிதவையை எங்கள் பக்கம் 'பாதை' என்போம். சின்ன வயதில் அதில் போய்வந்த ஞாபகத்தில் றமீஸ் எழுதிய பாட்டு.

'பாதைக்காரா, பாதைக்காரா, கொஞ்சம் பொறுத்துப் போ...
மறு கரையில விளக்கெரியுது, என்னையும் ஏத்திப் போ...'

வெளிக்கிடுவதற்கு முதல் நாள் பின்னேரம் அதைப் பாட வந்தான். கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில், மழையில் தெப்பமாக நனைந்து... மூக்கு அடைத்து, கண் சிவந்து. கூரையில் மழை கொட்டுகிறது. கரண்டும் இல்லை. லப்டொப் பற்றரியில் இருக்கிறது மட்டும்தான்.

"மழை கொஞ்சம் விடட்டும்" என்றான் தயாளன்.

"அது விடாது மச்சான். நான் வீட்ட போகோணும். உம்மா தனிய இருந்து பெட்டி அடுக்கிறா. நீ எடு."

ஒரே தடவை. இரண்டாம் சரணத்தில் குரல் அடைத்தது. றமீஸ் நிறுத்தவில்லை. பாடி முடிந்ததும் "இன்னொருக்கா..." என்று தயாளன் தொடங்க, திரை அணைந்துபோனது. பதிந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாது.

றமீஸ் கிற்றாரை என்னிடம் தந்தான். "வச்சிருங்க மது. அங்க கொண்டுபோக ஏலாது."

மழைக்குள்ளேயே போய்விட்டான்.

நல்ல காலம், பதிவு தப்பியிருந்தது. சீடி அடித்து, நகரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் வெளியிட்டோம். போட்ட கதிரைகளில் பாதிக்கு மேல் வெறுமை. வந்திருந்த ஒரு அண்ணர், "இது சினிமாப் பாட்டுமில்ல, கச்சேரியுமில்ல... என்னெண்டு சொல்லுறது?" என்று கேட்டார். நக்கலில்லை, உண்மையாகவே கேட்டார்.

முன் வரிசையில் றமீஸின் உம்மா. கடைசிப் பாட்டு ஒலித்தபோது என் கையைப் பிடித்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"புள்ளைக்குத் தடிமன், மகள். மூக்கடைச்சிரிக்கு" என்றார். "மருந்து குடிக்காமத்தான் பிளேன் ஏறியிரிக்கான்."

அந்த மண்டபத்தில் அது கேட்டது அவர் ஒருவருக்குத்தான்.

அதோடு அல்பத்தின் கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம். வானொலிகளுக்கு அனுப்பினோம், ஒரு சத்தமும் இல்லை. மிச்ச சீடிகள் எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே ஏறின. போன் கதைக்கும்போது றமீஸும் அதைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டான்.

பிறகு எனக்குக் கிண்ணியாக் கிளைக்கு மாற்றம் வந்தது. ஒரு காலை, பஸ்ஸில் சனம் நெரிகிறது, டிரைவர் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார்... திடீரென்று ஒரு வயலின். என் வயலின்! யார் அவருக்குக் கொடுத்தார்களோ, இன்றுவரை தெரியாது.

பக்கத்து சீற்றில் மடியில் பிள்ளையோடு ஒரு பெண். பிள்ளையின் முதுகைத் தட்டித் தட்டிக் கூடவே பாடுகிறார்.

'மறு கரையில உம்மா நிக்கா, என்னையும் ஏத்திப் போ...'

விளக்கு போய்விட்டது. அந்த இடத்தில் உம்மா.

"இந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியுமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஏன் தெரியாது? பழைய பாட்டெல்லோ. பாதை ஓடின காலத்துப் பாட்டு. எங்கட வாப்பா பாதையில நிண்டு பாடுறவரு."

அந்தப் பாட்டுக்கு அப்போது இரண்டு வயது.

பஸ் பாலத்தில் ஏறியது. முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் றமீஸுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"நான் எழுதினதெண்டு சொன்னீங்களா?"

"இல்லை."

"சொல்லாதீங்க மது." சிரிக்கிறானா, அழுகிறானா தெரியவில்லை. "அவட வாப்பா பாடினதாவே இருக்கட்டும்."

இப்போதும் எப்போதாவது பாட்டுச் செய்கிறோம். றமீஸ் அங்கே, தயாளன் அவுஸ்திரேலியாவில், நான் இங்கே. ஆளுக்காள் தங்கள் அறையில் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். எல்லாரிடமும் நல்ல மைக் இருக்கிறது. ஒரு இரைச்சல் இல்லை. இணையத்தில் போட்ட உடனேயே எத்தனை பேர் கேட்டார்கள் என்று போன் சொல்லிவிடுகிறது. நல்லாகத்தான் வருகிறது...

போன கிழமை, றமீஸ் பாடிய ஒரு பதிவுக்கு வயலின் சேர்க்க இருந்தேன். அவன் மூச்செடுக்கிற இடத்தில்தான் நான் எப்போதும் உள்ளே வருவது. காத்துக்கொண்டே இருந்தேன்... வரவில்லை. தயாளன் மூச்சுச் சத்தத்தையெல்லாம் சுத்தமாக வெட்டி எடுத்திருந்தான்.

வெட்டாததை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.