ரோஸ் நிறத்தில் ஒரு தம்ளர் தண்ணீர்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த சமயம் அது. வாளையாருக்குப் பக்கத்தில், பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் எங்கள் ஊர். கொஞ்சம் வயலும் ஒரு தென்னந்தோப்பும் உண்டு. மகள் அப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியத்தில் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சுத்த விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகம். வயலிலிருந்து பசியோடு வரும் கணவரைக்கூடக் கை கழுவாமல் தட்டைத் தொட விடமாட்டேன். வீட்டில் எனக்கு 'சோப்பு இன்ஸ்பெக்டர்' என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்திலும் நான் சும்மா இருக்கவில்லை. தலைமை டீச்சரின் உயிரை வாங்கி, சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே வரிசையாகக் குழாய்கள் வைக்கச் செய்தேன். சோப்பைக் காக்காய் தூக்கிக்கொண்டு போகிறது என்றார்கள். வெங்காயம் வரும் வலைப்பையைக் கிழித்து, அதற்குள் சோப்பைப் போட்டு ஒவ்வொரு குழாயிலும் கட்டித் தொங்கவிட்டேன். சோற்று மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையில் நின்று நகக்கண் வரை தேய்த்துக் கழுவுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

குடிதண்ணீரைப் பற்றி எனக்குக் கவலையே இருந்ததில்லை. கேரளத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே பச்சைத் தண்ணீரை யாரும் யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்து, ரோஸ் நிறத்தில்தான் தண்ணீர் வரும். கல்யாண வீடானாலும் சாப்பாட்டுக் கடையானாலும் தம்ளரில் அந்த நிறத்தைப் பார்த்தாலே, கொதித்த தண்ணீர் என்று நம்பிக் குடித்துவிடுவோம். பள்ளிக்கூடத்திலும் ஒரு பெரிய எவர்சில்வர் டிரம் நிறைய அந்தத் தண்ணீர்தான் இருக்கும். பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் நானே இரண்டு தம்ளர் குடித்திருக்கிறேன்.

அந்த வாரம் மகளுக்கு லேசான காய்ச்சல். சோறு வேண்டாம் என்றாள், இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மழைக்கால ஜுரம் என்று நினைத்துக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ஒரு நாள் காலையில் வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, ஏதோ கேட்பதற்காகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணில் வெள்ளையாக இருக்கவேண்டிய இடமெல்லாம் மஞ்சளாக இருந்தது. பாதி வாரிய தலையோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

உள்ளூர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே பாலக்காட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மஞ்சள் காமாலைதான், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டர் தைரியம் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இவளுக்கு ரத்தம் உறைய நேரமாகிறது, அதனால் கல்லீரலைக் கவனமாகப் பார்க்கவேண்டும் என்றார். அடிக்கடி எழுப்பிப் பேச்சுக் கொடுங்கள், சம்பந்தமில்லாமல் பேசினாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே கூப்பிடுங்கள் என்றும் சொன்னார். காமாலை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அசுத்தமான தண்ணீரிலிருந்தாக இருக்கலாம், கைகளாலும் பரவும், குடித்துச் சில வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும் என்றார். எங்கள் வீட்டில் கொதித்து ஆறின தண்ணீரைத் தவிர வேறு இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்றிலிருந்து நான் மகளைத் தூங்கவிடவில்லை. கண் மூடினால் கன்னத்தைத் தட்டுவேன். உன் பேர் என்ன, எந்த வகுப்பு, நம் வீட்டுப் பசு என்ன நிறம் என்று கேட்பேன். சரியாகச் சொன்னால் கொஞ்சம் மூச்சு வரும். பதில் வரக் கொஞ்சம் தாமதமானால் மறுபடியும் தட்டி, அதே கேள்வியைக் கேட்பேன். அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. அதற்குள் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில், இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குக் கண் மஞ்சளாக இருப்பதாகச் செய்தி வந்தது.

மறுநாள் மதியத்துக்குக் கொஞ்சம் முன், பள்ளிக்கூடத்துச் சமையல் அக்கா மகளைப் பார்க்க வந்தார். மழையில் நனைந்து, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எல்லாம் தன் பிள்ளைகளாகவே நினைக்கிற மனுஷி. என் மகளைக் கண்டதும் அழுதுவிட்டார்.

"அடுப்படிக்கு இன்னிக்கு என்ற தங்கச்சிய உட்டுட்டு ஓடியாந்தனுங்க அம்மிணி. மனசு கேக்கலீங்க."

பையிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்தார். பிள்ளைக்கென்று பதிமுகம் போட்டுக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்த தண்ணீர். தம்ளரில் பாதி ஊற்றினார். ஆவி பறந்தது. மகள் தாகமாக இருக்கிறது என்று கையை நீட்டினாள். "இரு கண்ணு, சுடும்" என்றவர், தம்ளரை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த வாஷ்பேசினுக்குப் போனார். குழாயைத் திறந்து மீதிப் பாதியை நிரப்பிக்கொண்டு வந்தார். திக்காக இருந்த நிறம் கொஞ்சம் வெளுத்து, எப்போதும் பார்க்கிற நிறத்துக்கு வந்தது. அதே ரோஸ் நிறம்.

நான் பாய்ந்து போய்த் தம்ளரைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் ஆத்துவீங்களா?"

"ஆமாங்க. சோத்து மணிக்குள்ள அத்தனை தண்ணி எப்படீங்க ஆறும்? திக்கா ஒரு குண்டா கொதிக்க வெச்சு, மிச்சத்துக்குக் கெணத்துத் தண்ணிய ஊத்திக் கலக்கீருவனுங்க. இல்லாட்டிப் புள்ளைக வாய் வெந்துபோகாதுங்களா?"

அவர் முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் வாய் வேகக்கூடாது என்ற கரிசனம் மட்டும்தான் இருந்தது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும் என்று அவருக்குச் சொன்னவர்கள், பச்சைத் தண்ணீரைக் கலந்தால் அது மறுபடியும் வந்துவிடும் என்று சொல்லவில்லை போலிருக்கிறது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சோற்று மணிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. இன்றைக்கும் டிரம் நிறைந்திருக்கும். நான் பெருமைப்பட்ட அந்தப் பிள்ளைகளின் அழகான வரிசை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு நேராக அந்த டிரம்முக்குத்தான் போகும். இன்று குடிப்பவர்கள் சில வாரம் கழித்து இதே போலப் படுப்பார்கள். தலைமை டீச்சருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். வகுப்பில் இருந்திருப்பார். வீட்டுக்கு மாற்றுத் துணி எடுக்கப் போயிருந்த கணவருக்கு அடித்தேன்.

"ஏனுங்க, பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க. அந்த டிரம்மைக் கவுத்து உடுங்க. யாரும் ஒரு வாய் குடிக்கக்கூடாது. காரணமெல்லாம் அப்புறம் சொல்றேன்!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மகள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நீட்டிய கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன். அசைவில்லை. கன்னத்தைத் தட்டினேன், தோளைப் பிடித்து உலுக்கினேன். அப்போதும் இல்லை. எத்தனை நேரமாக அவளைப் பார்க்காமல் போனும் கையுமாக இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அலறிவிட்டேன். சமையல் அக்கா சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டே அவள் காலைத் தேய்த்தார். நர்ஸ் ஓடிவரும் சத்தம் கேட்டது. அப்போதுதான் மகள் மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"மறுபடியும் எம்பேரக் கேக்காதம்மா. தூக்கமா வருது. தண்ணி குடு."

புத்தி தெளிவாகத்தான் இருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆனால் அவள் தண்ணீர் கேட்கிறாள், பக்கத்திலோ நான் வாங்கி வைத்த அந்த ரோஸ் நிறத் தம்ளர் இருக்கிறது. அதை வாஷ்பேசினில் கொட்டினேன். ஃபிளாஸ்க்கைப் பார்த்தேன், அதை நம்பவும் பயம். மேஜையில் இருந்த கூஜாவைப் பார்த்தேன், அதையும் நம்ப முடியவில்லை. பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்கிறாள், அவளுக்குக் கொடுக்க நான் நம்பும்படி ஒரு வாய் தண்ணீர் அந்த அறையில் இல்லை. கடைசியில் நர்ஸ்தான் சீல் பிரிக்காத பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் கணவர் கூப்பிட்டார். சேற்றுக் காலோடு பைக்கில் போய், மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே டிரம்மைக் கவிழ்த்துவிட்டாராம். முற்றமெல்லாம் ரோஸ் நிறமாக ஓட, பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்களாம். வாத்தியார்கள் இவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே நினைத்தார்களாம்.

பிறகு சுகாதாரத் துறையினர் வந்து பார்த்தார்கள். கிணற்றுக்கு மிக அருகில் கக்கூஸ் குழி. அந்த மழையில் ஊறிக் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது. கிணற்றை மூடினார்கள், குழியை மாற்றினார்கள். மகளுக்கு ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகி, வீட்டுக்கு வந்தோம். கண்ணில் மஞ்சள் போக வெகு நாளாயிற்று. மற்றப் பிள்ளைகளும் தப்பித்தார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் சமையல் அக்காவை நிறுத்தவேண்டும் என்று சிலர் சத்தம் போட்டார்கள். என் மகள்தான் எல்லோரையும்விட மோசமாகப் படுத்தவள் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். அவசரத்துக்கு அவரவர் வீட்டில் எப்படி ஆற்றுகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். அக்கா இன்றும் அங்கேதான் சமைக்கிறார். மறுநாளைக்கான தண்ணீரை முதல் நாள் சாயங்காலமே கொதிக்கவைத்து மூடிவைத்துவிடுகிறார். குழாய் வைத்த அந்த டிரம்முக்குள் யாராவது ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றப் பார்த்தால் கரண்டியோடு வந்துவிடுவார்.

இப்போதும் எங்காவது விருந்தில் ரோஸ் நிறத் தண்ணீர் வந்தால், இது ஆறவைத்ததா, கலந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பேன். வீட்டுக்காரர்கள் முகம் சுருங்கும், எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தம்ளரை நோக்கித் தாகத்தோடு நீண்ட என் மகளின் கை கண்முன் வந்து நிற்கும்போது, சங்கடத்தை விழுங்குவது அந்தத் தண்ணீரை விழுங்குவதைவிட எளிதாகிவிடுகிறது.