நொண்டாமல் நடந்த மரியதாஸ்

வீடியோவைக் கார்ட்டூனாக மாற்றுவது என்றால், ஒரு நொடிக்கு இருபத்தைந்து படங்களை மவுஸால் ஒவ்வொன்றாக ஓரம் வரைந்து வண்ணம் நிரப்புவது. எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நெளிந்த மூக்கு

இரண்டாயிரத்தை ஒட்டி, திருவொற்றியூரில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் சேர்ந்தேன். முதல் வேலை, ஒரு மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நடந்துவரும் பத்து நொடி. படத்துக்குப் படம் என் கோடு கொஞ்சம் தள்ளிப்போயிருந்தது; ஓடவிட்டால் மூக்கு நெளிந்தது. மாப்பிள்ளையின் அக்கா டிவி முன்னால் விழுந்து விழுந்து சிரித்தாள்: "இன்னாக்கா, என் தம்பி மூக்குல எறா துள்ளிகினு கீது!"

ஓனரின் வைத்தியம்

ஓனர் அண்ணன் வழி சொன்னார். நன்றாக வந்த ஓர் எட்டை, அதாவது ஒரு காலடியை மட்டும் வரைந்து, அதையே திரும்பத் திரும்ப ஒட்டவேண்டும். ஒட்டினேன்; கோடு ஆடவில்லை. "பாத்தியாம்மா, இனிமே யாரு வந்தாலும் இப்டியே நடக்கவுடு!"

எஸ்தரின் கேசட்

காசிமேட்டு எஸ்தர் ஒரு கேசட் கொண்டுவந்தாள். செத்துப்போன அவள் புருஷன் மரியதாஸ், சர்ச் வாசலில் நடக்கும் இருபது நொடி அதில் இருந்தது. இரண்டு வயது மகள் பொம்மைப் படம் என்றால் கண்ணை எடுக்காமல் பார்ப்பாளாம். அதில் அப்பன் நடக்கட்டும் என்றாள்.

அவர் இடதுகாலை இழுத்து நடந்தார். அழகாக்குகிறோம் என்று நினைத்து, நல்ல எட்டையே ஒட்டி நேராக நடக்கவைத்தேன். எஸ்தர் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நல்லாத்தான் வரைஞ்சிகீறக்கா. ஆனா கால இழுத்துகினு நடந்தாத்தான் அது எங்க வூட்டு மனுசன். அந்தக் கேசட்டையே குட்த்துடு."

பெயர் ஒட்டாத கேசட்

எங்கே கொடுப்பது? பெயர்ச்சீட்டு இல்லாத கேசட்டில் அடுத்த விசேஷத்தைப் பதிவது ஸ்டுடியோ வழக்கம். சீட்டு ஒட்டுவது என் வேலை, மறந்துவிட்டேன். மரியதாஸ் மேல் யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்து ஏறியிருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்ததையும் இடமில்லை என்று நானே அழித்திருந்தேன்.

எஸ்தரிடம் உண்மையைச் சொன்னேன்; அவள் அழவில்லை. எழுந்து, இடதுகாலை இழுத்து ஸ்டுடியோவுக்குள் நடந்துகாட்டினாள். அதை வீடியோ எடுத்து, பார்த்து வரையச் சொன்னாள். ஒரு வாரம் வரைந்தேன். போட்டுக்காட்டியதும் டிவியை அவளே அணைத்தாள். "இது நான் நடக்குறேன்க்கா. அவுரு இல்ல."

அதற்குப்பிறகு எந்தக் கேசட் கைக்கு வந்தாலும், மேலே எதுவும் பதிய முடியாதபடி அதன் முதுகிலுள்ள பிளாஸ்டிக் துண்டை ஸ்க்ரூடிரைவரால் முதலில் உடைத்துவிடுவேன். ஓனர் அண்ணனிடம் தினமும் திட்டு வாங்கினாலும், ஏழு வருஷத்தில் நான் தப்பில்லாமல் செய்த வேலை அது ஒன்றுதான்.