கரையாத மணிகளும் நெடுந்தீவு மிளகாயும்

பசளை விக்கிறவனுக்கு ஒரு தலைவிதி இருக்கிறது: பயிர் செழித்தால் மழையின் புண்ணியம், கருகினால் கடைக்காரனின் பாவம். என்னைப்போலக் கடை வைத்திருக்கிற உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

அம்மிக்குப் போன பசளை

சரவணை ஊரில் இருக்கிற என் கடைக்கு நெடுந்தீவிலிருந்து மரியமலர் வருவா. அவவின் புருசனுக்கு இடுப்பில் நாரி நோ, மீன் பிடிக்கக் கடலுக்குப் போக ஏலாது. முற்றத்துச் சாடிகளில் நிற்கிற மிளகாய்க் கண்டுகளாலைதான் அந்த வீட்டில் உலை கொதிக்குது. மணல் கலந்த மண்ணில் யூரியா ஒரு மழைக்கே கழுவுப்பட்டுப் போகும் என்று, தோல் போர்த்த மணிப்பசளையை நான்தான் கொடுத்துவிட்டேன். ஒருக்கால் மண்ணோடு கலந்துவிட்டால் மாதக்கணக்குக்குக் காணும்.

அடுத்த கிழமை போன் வந்தது. ஒரு கண்டு கருகிப்போச்சாம். மணி தண்ணியில் கரையவில்லை என்று அம்மியில் அரைத்துப் போட்டிருக்கிறா.

"பிள்ளை, அந்தத் தோல்தான் வேலைக்காரன். ஈரம் உள்ளுக்குப் போய்ப் பசளையைக் கரைக்கும், தோல் அதைக் கொஞ்சங் கொஞ்சமாய் வெளியிலை விடும். உடைச்சால் எல்லாம் ஒரேயடியாய் வந்து வேரைச் சுட்டுப்போடும். மற்றச் சாடியளுக்கு முழுசாய்ப் போடும்" என்றேன்.

"அண்ணை, இதை முதலே சொல்லியிருந்தால் என்ரை கையும் நொந்திராது, கண்டும் செத்திராது."

படகு நிண்ட நாட்கள்

மாரி பிடித்தது. குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகு ஒருநாள் ஓடினால் நாலுநாள் நிற்கும். போனும் பிடிக்கவில்லை. இந்த மழைக்கு மணியும் கழுவுப்பட்டுப் போயிருந்தால் வேறை பசளை வாங்க அவவால் வரவும் ஏலாது. நான் சொல்லித்தானே எல்லாச் சாடிக்கும் போட்டவ. வாசலில் நின்று கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனிசி உள்ளேயிருந்து சொன்னா:

"நீங்கள் கடையைப் பாருங்கோ. கடலைப் பார்க்க வேறை ஆக்கள் இருக்கினம்."

லேஞ்சியில் வந்த கோது

தை பிறந்து கடல் அடங்கினதும் மரியமலர் வந்தா. லேஞ்சித் துணி முடிச்சை அவிழ்த்து மேசையில் கொட்டினா. மணிகள், போட்ட மாதிரியே இருந்தன.

"பாருங்கோ அண்ணை, ஒண்டும் கரையேல்லை."

ஒன்றை நகத்தால் நசுக்கினேன். ஒரு துளி தண்ணி, பிறகு வெறுங்கோது.

"உள்ளுக்கு இருந்த பசளையை மிளகாய்க் கண்டு குடிச்சிட்டுது பிள்ளை. கண்டுகள் எப்பிடி நிக்குது?"

அவா பையைத் திறந்தா. பச்சைப் பசேலென்று மிளகாய். அந்த மழைக்கும் இலை மஞ்சளாகவில்லையாம், பாதியைப் படகில் வந்த ஆக்களே வாங்கிப் போட்டினமாம். மிச்சத்தை என் மனிசியின் கையில் கொடுத்தா.

"அப்ப ஏன் பிள்ளை சண்டைக்கு வந்தனீர்?"

"காய் நல்லாத்தான் காய்ச்சது அண்ணை. ஆனா கரையாத சாமானுக்கு எப்பிடி நன்றி சொல்லுறது?"

வெறுங்கோதைக் கட்டிக்கொண்டு என்னோடை சண்டை பிடிக்க ஒருத்தி கடல் தாண்டி வந்து, போகேக்கை கறிக்கு மிளகாயும் தந்துவிட்டுப் போறாவெண்டால், எங்கடை தொழில் அவ்வளவு மோசமில்லைப் பாருங்கோ.