பட்டைத் தோல் பையும் ஈயக் குண்டுகளும்

காலை ஆறு இருபது. தோல் பையின் வாய்க்கயிற்றை அவிழ்த்ததும் முதலில் கண்ணில் பட்டது வெள்ளைப் பொடி. அதற்குள்தான் ஈயக் குண்டுகள் கிடந்தன, திருநீற்றில் புரண்டவை போல. ஒன்பது மணிக்கு வேலூரில் என் தங்கைக்கு ஏர் பிஸ்டல் போட்டி. அதில் தேறினால் மாநிலப் போட்டி. முன்பு இரண்டு முறை அவள் தேறவில்லை. "இந்தத் தபாவும் போச்சுன்னா பிஸ்டலை வித்துட்றேன்" என்று வீட்டில் சொல்லியிருந்தாள்.

அவளுக்கு ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் வேலை. தைத்து வரும் தோலில் குறை பார்ப்பது. ஞாயிறுகளில் மட்டும் பயிற்சி, முன்பு தோல் அடுக்கிவைத்த ஒரு கிடங்கில். அங்கே இன்னும் அந்த வாடை போகவில்லை.

ஏர் பிஸ்டல் குண்டு மிளகளவு ஈயம். நடுவில் ஒடுங்கி, பின்புறம் பாவாடை போல விரிந்திருக்கும். போட்டிக்கென்று வரும் வெளிநாட்டு டப்பா எங்களுக்குக் கட்டுப்படியாகாது. மலிவான டப்பாவில் ஒரு குண்டு போன இடத்துக்கு அடுத்தது போகாது. இரண்டுக்கும் நடுவே, பயிற்சிக்கென்று ஒரு ரகம் வருகிறது. கிடங்கில் எங்களோடு சுடுகிற வாணியம்பாடி தோல் வியாபாரி ஒருவர், நாங்கள் பாய் என்று கூப்பிடுபவர், அதைத்தான் வாங்கச் சொன்னார்.

"தோல்ல நாங்க இன்னா பண்றோம்? முதல் தரம் வாங்க முடியலேன்னா எல்லாம் கலந்த லாட்டா எடுத்து நாங்களே பிரிச்சுக்கறோம். அதையே இதுல பண்ணும்மா."

டப்பாமேல் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணைப் பார்த்து, மூன்று லாட்டிலிருந்தும் ஒவ்வொரு டப்பா வாங்கினோம். பிஸ்டலை மணல் மூட்டைமேல் அழுத்தி வைத்து ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்தைந்து சுட்டோம். ஒரு லாட்டின் ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அதே லாட் எண்ணில் இன்னும் சில டப்பாக்கள் வாங்கினோம். தங்கை ஒவ்வொரு குண்டையும் கண்ணாடித் தகட்டில் உருட்டினாள். ஆடாமல் ஒரே வளைவாக உருண்டது போட்டிக்கு. தள்ளாடியது, பாவாடை நெளிந்தது எல்லாம் கழிவு டப்பாவுக்கு.

பொறுக்கிய குண்டுகளுக்குப் பாய் ஒரு பை தைத்துக் கொண்டுவந்தார். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல், தேன் நிறம்.

"டப்பாவே இருக்கட்டும் பாய்" என்றாள் தங்கை.

"தகரத்துல குலுங்கி அடிபடும்மா. குரோம் தோல்லயும் வைக்கக் கூடாது, கெமிக்கல் ஜாஸ்தி. இது வெறும் பட்டை. சுத்தம்."

பிறகு ஐப்பசி மழை. பை பீரோவில் இருந்தது. போட்டிக்கான குண்டு வீணாக வேண்டாம் என்று யாரும் திறக்கவில்லை.

பொடியைத் துடைத்துப் பார்த்தேன். அடியில் ஈயம் அம்மைத் தழும்பாக இருந்தது. தங்கை பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"பாய், உங்க பை குண்டுக்கெல்லாம் பவுடர் பூசி வச்சிருக்கு."

"பட்டையில புளிப்பு இருக்கும்மா. மழை ஈரத்துல ஈயத்தை அரிச்சிடுச்சு. பித்தளை பக்கிள் பச்சையாவும், அது தெரியும். ஈயத்தை யோசிக்கல."

"தோல் பாயே தோல்ல ஏமாந்தா நான் எங்க போறது?"

ஞாயிற்றுக்கிழமை, எங்கும் குண்டு கிடைக்காது. கழிவு டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். அவள் கைப்பேசியின் திரையில் குண்டுகளை உருட்டிப் பார்த்தாள். பஸ் ஆட்டத்தில் எல்லாமே தள்ளாடின. பள்ளிகொண்டா தாண்டியதும் விட்டுவிட்டு, கண்ணால் பார்த்து நெளியாதவற்றைப் பொறுக்கினாள்.

பாய் எங்களுக்கு முன்பே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைசிப் பத்துக் குண்டுவரை அவள் தேறும் கணக்கில்தான் இருந்தாள். அந்தப் பத்தில் ஒன்று ஏழு புள்ளி வளையத்தில் விழுந்தது. தேறுவதற்கு ஒரு புள்ளி குறைந்தது.

வெளியே வந்ததும் பாய் கேட்டார்: "தப்பு குண்டுலயாம்மா, கையிலயா?"

"தெரியல பாய். டீ வாங்கிக் குடுங்க."

அந்த மாதமே பிஸ்டலை விற்றாள். வாங்க வந்தவர், எந்தக் குண்டு கம்மி விலையில் நன்றாகப் போகும் என்று கேட்டார். அவள் லாட் எண்ணைச் சொன்னாள்.