என் புரோகிராமில் குறை சொன்னவர்

மணிமுத்தாறு பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் என் அக்கா டீச்சர். அங்கே சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். போனில் அவள் போடும் வருகைப்பதிவு பாதி நாள் போய்ச் சேராது. அவளுக்காகத்தான் அந்தப் புரோகிராமை எழுதினேன். எழுதியதைப் போனிலேயே வைத்திருந்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்பிவிடும். பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவள் நான். தொழில் பேச இங்கே ஆள் கிடையாது. அதனால் உலகத்துப் புரோகிராமர்கள் எல்லாம் கூடிப் பேசும் ஓர் இணையதளத்தில் அதைப் போட்டேன், யாருக்கும் உதவட்டும் என்று.

முதலில் பாராட்டுதான் வந்தது. பிறகு ஒரு புனைபெயர்க்காரர் ஆங்கிலத்தில் எழுதினார்: 'இரண்டு பேர் ஒரே பதிவைத் திருத்தினால் ஒருவர் எழுதியது சத்தமில்லாமல் அழிந்துபோகும். இதைச் செய்தவர் யோசிக்கவே இல்லை. யாரும் பயன்படுத்த வேண்டாம்.' அதற்குக் கீழே பலரும் ஆமாம் போட்டார்கள். மடிக்கணினியை மூடிவிட்டுத் துணி துவைக்கப் போனேன். எங்கள் ஊர் சிக்னலைப் பற்றி எதுவும் தெரியாத வெளிநாட்டு ஆள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே துவைத்தேன்.

மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் மனது கேட்காமல், என் போனிலும் வீட்டுக்காரர் போனிலும் ஒரே பெயரைத் திருத்திப் பார்த்தேன். நான் எழுதியதைக் காணவில்லை. வெட்கமாக இருந்தது. 'நீங்கள் சொன்னது சரி' என்று பதில் போட்டேன்.

மறுநாள் மதியம் அவரே குறையைச் சரிசெய்து அனுப்பியிருந்தார். சோதித்துப் பார்ப்பதற்கு அவர் போட்டிருந்த மாதிரிப் பதிவுகள் தமிழில் இருந்தன. சாத்தான்குளம், நாசரேத், உடன்குடி என்று எல்லாம் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்கள். 'நீங்கள் எந்த ஊர்?' என்று தனிச்செய்தியில் கேட்டேன். போன் எண்ணை அனுப்பினார்.

எடுத்தது ஒரு பெண். பின்னால் குழந்தை சிணுங்கியது.

"சாத்தான்குளந்தான்க்கா. நீங்க நம்ம பக்கத்து ஆளுன்னு தெரிஞ்சிருந்தா கொஞ்சம் பைய எழுதியிருப்பேன்."

"நான் அழுதுட்டேன், தெரியுமா?" என்றேன்.

அவள் குழந்தையைத் தட்டிக்கொடுப்பது கேட்டது.

"அங்கன பதவிசா எழுதினா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்கக்கா. பொம்பளைன்னு தெரிஞ்சா சொல்லவே வேண்டாம். அதான் பேரை மாத்திக்கிட்டு அப்படி எழுதுதேன்."

பெங்களூரில் வேலை பார்த்தவள். குழந்தை பிறந்ததும் விட்டிருக்கிறாள். பிள்ளை தூங்கும் மதிய நேரத்தில்தான் அந்தத் தளத்தை வாசிப்பாள்.

"புரோகிராம் பத்தி ஒரு ஆள்கிட்ட வாய்விட்டுப் பேசி ரெண்டு வருசமாச்சு. வீட்டுக்காரருக்குக் கருப்பட்டி வியாபாரம். நான் சொன்னா பொறுமையா கேக்காங்க, பாவம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சாத்தான்குளத்துக்குப் பஸ் ஏறினேன். அவள் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைப்பக்கம் போய்விட்டார். செயற்கை நுண்ணறிவே புரோகிராம் எழுதிவிடும் என்று அன்று வந்திருந்த செய்தியைப் பற்றி மூன்று மணி நேரம் சண்டை போட்டோம். இனி நமக்கு என்ன வேலை என்றேன் நான். "அது எழுதுதுக்கா. எங்கன தப்பு வரும்னு யோசிக்க ஆள் வேணும்லா?" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு பிள்ளை தூங்கும் மதியங்களில் போனில் பேசிக்கொள்வோம். எங்கள் கம்பெனியில் அவளுக்காக வேலை கேட்டேன். இரண்டு வருட இடைவெளியைக் காட்டி முடியாது என்றுவிட்டார்கள். ஆனால் என் புரோகிராமில் அவள் செய்த திருத்தத்தைப் பார்த்த வேறொரு சின்ன நிறுவனம், வீட்டிலிருந்தே அரைநாள் வேலை கொடுத்தது. "கிடைச்சிட்டுக்கா" என்று போனில் சொன்னாள். எனக்குச் சந்தோஷம்தான். இனி மதியங்களில் முன்போலப் பேச முடியாதே என்ற வருத்தமும் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.