ஒரே பிரவுசரில் தெரிந்த பக்கம்

தொண்ணூறுகளின் கடைசியில் ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன், ஒரு பிரிண்டர். வெப் பக்கம் எழுத எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிடித்த பக்கம் ஒன்றைத் திறப்பேன், அதன் பின்னால் எழுதியிருக்கும் குறிகளைப் பார்ப்பேன், கொஞ்சம் இங்கே கொஞ்சம் அங்கே எடுத்து ஒட்டுவேன். இதற்கென்று எழுதிவைத்த விதிமுறை உண்டு என்பதே தெரியாது. பெரிய கம்பெனிகளின் பக்கங்கள்கூட அதை மதித்ததில்லை என்று பிறகு தெரிந்தது. அதனால் எனக்கு ஆறுதல் ஒன்றும் வந்துவிடவில்லை.

என்னை நம்பி முதலில் பக்கம் கேட்டவர், தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் லேத் பட்டறை வைத்திருந்த அண்ணன். ஒரு தொழிற்சாலையில் பல வருடம் இருந்து, ஆட்குறைப்பில் வெளியே வந்து, சொந்தமாக ஷெட் போட்டவர். வீட்டில் தெலுங்கு, வாடிக்கைக்காரர்களிடம் தமிழ், எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து லேத் ஓட்ட வரும் டர்னரிடம் கன்னடம். மூன்று பாஷையிலும் கிண்டல் குறையாது.

"ஏம்மா, என் மூத்த பொண்ணு போட்டோவ உன் கம்ப்யூட்டர்ல போடுவியா?" என்றபடிதான் உள்ளே வந்தார்.

"ஜாதகம் கொண்டாந்தீங்களாண்ணா?"

"நான் கட்டிக்குடுக்கறதா இல்ல. லோகம் பார்த்துக்கினு போவட்டும், அவ்ளோதான்."

மூத்த பெண் என்றது அவருடைய லேத்தை.

விஷயம் இதுதான். பெங்களூரில் ஒரு கண்காட்சியில் வெளிநாட்டு பம்பு கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் இவர் கடைந்த பித்தளை புஷ்ஷை, பம்புத் தண்டைத் தாங்குகிற அந்த வளையத்தை, எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்திருக்கிறார்கள். வெப்சைட் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். இவர் யோசிக்காமல் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பக்கத்தைப் பார்க்கிறோம், திருப்தியாக இருந்தால் அடுத்த வாரம் வியாழக்கிழமை ஷெட்டுக்கே வருகிறோம் என்று போயிருக்கிறார்கள். உள்ளூர் ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்த சமயம். இது கிடைத்தால் ஷெட் நிற்கும், இல்லாவிட்டால் இல்லை. அதை அவர் சிரிக்காமல் சொன்னார். அவர் சிரிக்காமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான்கு நாளில் எழுதி, பக்கத்தின் முகவரியை அவர்கள் கொடுத்துப்போன கார்டிலிருந்த மெயிலுக்கு அனுப்பிவிட்டேன். உச்சியில் பட்டறையின் பெயரும், 'இந்தப் பக்கம் இன்ன பிரவுசரில் மிக நன்றாகத் தெரியும்' என்ற ஆங்கில வரியும் ரயில் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். ஓடும் எழுத்து அப்போது பெரிய நாகரிகம். கீழே ஒரு பெரிய கட்டம் போட்டு, லேத் படம், புஷ் படம், அளவுகள், போன் நம்பர், வரும் வழி எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கினேன். அண்ணன் தினமும் சாயங்காலம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்.

"ஓடுது பார்த்தியா, நம்ம பேரு!" என்று ஒரு நாள் மனைவியையும் கூட்டிவந்து காட்டினார்.

"ஓடினா புடிக்க ஆள் வரணுமே" என்றார் அக்கா.

அந்த வியாழக்கிழமை நானும் பட்டறைக்குப் போனேன். ஆங்கிலம் பேச ஓர் ஆள் வேண்டுமென்று அழைத்திருந்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். இரும்புத் துருவல் ஒரு பொட்டு தரையில் இல்லை. அக்கா வீட்டு எவர்சில்வர் டம்ளர்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தார். டர்னர் இஸ்திரி போட்ட சட்டையில் லேத் முன்னால் நின்று, கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் "பர்த்தாரே, பர்த்தாரே" என்று வாசலுக்குப் போவார். வருகிறார்கள், வருகிறார்கள் என்கிறார். அண்ணன் அவரைக் கேலி செய்தார். "டேய், கறை படாம நில்லுடா, உன்னப் பார்த்துட்டு மாப்ளன்னு நெனச்சிக்கப் போறாங்க."

மத்தியானத்துக்கு மேல் கேலி நின்றுவிட்டது. நாலு மணிக்கு டர்னர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பழைய பனியனோடு மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்திருந்த மெஷின். டம்ளர்களை அக்கா பையில் திரும்ப எடுத்துவைத்த சத்தம்கூட எனக்குப் பெரிதாகக் கேட்டது.

அவர்கள் தெருமுனை வரை வந்து, ஷெட்டின் தகரக் கூரையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள் என்று அண்ணன் முடிவுகட்டினார். "வெளியூர்க்காரங்க, இந்தக் கூரைய நம்புவாங்களா? தப்பு நம்மளுதும்மா" என்றார். ஒவ்வொரு தடவையும் 'நம்மளுது' என்றுதான் சொன்னார். அது எவ்வளவு சரி என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

மனசு கேட்காமல், அவரிடம் சொல்லாமல் நானே அந்தக் கம்பெனிக்கு மெயில் எழுதினேன். மூன்று வாரம் கழித்து இரண்டு வரி பதில் வந்தது. உங்கள் பக்கத்தில் ஒன்றுமே இல்லை, இன்னும் தொழில் தொடங்கவில்லை போலும் என்று வேறு இடத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டோம், மன்னிக்கவும்.

ஒன்றுமே இல்லையா? என் மூன்று கம்ப்யூட்டரிலும் திறந்தேன். எல்லாம் இருந்தது. அப்புறம்தான் மூன்றிலும் ஒரே பிரவுசர் இருப்பது உறைத்தது. இன்னொன்றை இடம் அடைக்கிறதென்று நான்தான் எடுத்துப்போட்டிருந்தேன். அதைத் திரும்ப இறக்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை லைன் அறுந்தது. இறங்கியதும் அதில் அண்ணனின் பக்கத்தைத் திறந்தேன்.

சாம்பல் நிறத்தில் வெறுந்திரை. உச்சியில் மட்டும் ஓட வேண்டிய பெயரும் வரியும் ஓடாமல் நின்றன. இந்தப் பக்கம் இன்ன பிரவுசரில் மிக நன்றாகத் தெரியும்.

கட்டத்தைத் தொடங்க ஒரு குறி, முடிக்க ஒரு குறி போட வேண்டும். முடிக்கும் குறியை நான் போடவில்லை. என்னிடமிருந்த பிரவுசர், போகட்டும் பாவம் என்று தானே முடித்துக் காட்டிவிட்டது. மற்றது, கட்டம் முடியட்டும் என்று காத்திருந்து ஒன்றையும் காட்டவில்லை. என் தப்பை மன்னித்த பிரவுசரைத்தான் நான் நல்லது என்று நினைத்திருந்தேன்.

ஒரு வாரம் சொல்லாமல் இருந்தேன். பிறகு முடியவில்லை. பட்டறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் பழந்துணியில் கையைத் துடைத்தபடி கேட்டார்.

"எழுதினது நீ. சரியான்னு பார்த்தது யாரு?"

"நான்தாண்ணா."

"இங்க டர்னர் கடைஞ்சத டர்னரே பாஸ் பண்ண நான் வுட்டதில்லம்மா." கோபம் இல்லை. வேலையைப் பற்றிச் சொல்கிற குரல்தான். "இப்ப சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேண்ணா."

"எவ்ளோ நேரம் ஆச்சி?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அரை நிமிஷம்."

தலையை ஆட்டினார். அப்புறம், தகரக் கூரையை அண்ணாந்து பார்த்து, "அப்ப இத ஏன் நான் திட்டினேன்?" என்றார். டர்னர் மெஷினை நிறுத்தாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். லேத்தை விற்பதாக அதற்குள் காவேரிப்பட்டணத்து ஆள் ஒருவரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. அடுத்த திங்கட்கிழமை லாரி வந்தது. அண்ணன் வேறொருவருடைய பட்டறையில் ஷிப்டுக்குப் போக ஆரம்பித்தார்.

பக்கத்தை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பிரவுசரிலும் அது அழகாகத் திறந்தது. நாலு மாதம் கழித்து, பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரு கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. இதே அளவில் புஷ் செய்து தர முடியுமா, எப்போது வந்து பார்க்கலாம். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய், ஷிப்டு முடியும் நேரம் அந்தப் பட்டறை வாசலில் நின்றேன். அண்ணன் ஒருமுறை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தாளை வாங்கித் தானே மெதுவாக, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"கேக்கறவங்க நல்ல மனுசங்களாத் தெரியுது" என்றார். "முடியாதுன்னு எழுதிடும்மா. மரியாதையா எழுது."

தாளை என்னிடம் திருப்பித் தரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.